எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டி

அக்டோபர் 5, ஞாயிறு

வஹீபா இன்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவளுடைய மருந்துக்கடைக்குப் பின்னால்தான் வீடு, கல்யாணத்துக்குப் பிறகு எனக்கும் அதுதான். முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஓர் எலுமிச்சை மரம், அதை ஒட்டி ஒரு வண்டி நிற்க இடம். முற்றமே அவ்வளவுதான்.

"மரம் எங்கேயும் போகாது, மெசவூத். உங்க ரெண்டு வண்டியில ஒண்ணு போகணும். எதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க, அப்புறம் கல்யாணத் தேதி பேசலாம்."

"ஒண்ணைத் தெருவுல நிறுத்திக்கிட்டா?"

"நிறுத்துங்களேன். துணைக்கு நீங்களும் அங்கேயே படுத்துக்குங்க."

நாற்பத்தாறு வயது வரைக்கும் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்றே கல்யாணத்தைத் தட்டிக்கழித்தவன் நான். இப்போது முதல் முறையாக ஒருத்தியைப் பார்த்து, இவள் இல்லாமல் முடியாது என்று நினைக்கிறேன். நடுவில் எட்டு சக்கரங்கள் நிற்கின்றன. நான்கைக் கழற்ற வேண்டும். எந்த நான்கை?

அக்டோபர் 7, செவ்வாய்

என் இரண்டு கார்களில் ஒன்று பிரெஞ்சுக்காரி. 1981-இல் பிறந்தவள். அப்பா ஓட்டியது. நீளமானவள், சாம்பல் கலந்த நீலம், கியர்த் தண்டு ஸ்டீயரிங்குக்குக் கீழே. உட்கார்ந்தால் சோபா. மற்றவள் ஜெர்மன்காரி, 1990. குட்டை, கட்டை. சிவப்பாக இருந்தவள் வெயிலில் வெளுத்து இப்போது ரோஜா நிறம். ஒரு கால்நடை மருத்துவரிடம் வாங்கினேன். மழை பெய்தால் இன்றும் உள்ளே செம்மறி வாசம் வரும்.

நியாயமாக நடத்துவது என்று முடிவு. ஒரே பாதை, ஒரே ஓட்டுநர், ஒரே பாரம். பாதை — ஸ்கிக்தா துறைமுகத்துக்குப் போகும் வழியில் எல் கந்தூர் மலைக் கணவாய். ஓட்டுநர் நான். பாரம் என் அக்கா ஸகியா. பின்சீட்டில் உட்கார்த்தினால் எந்த வண்டியும் உண்மையைப் பேசிவிடும்.

மெக்கானிக் அம்மாரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட்டாளி. ஆலிவ் எண்ணெய் மிதக்கும் கொண்டைக்கடலைக் கிண்ணத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நீ வண்டியச் சோதிக்கலடா. கல்யாணத்தத் தள்ளிப்போடுற. வண்டி ஒரு சாக்கு."

இவனுக்கு என்ன தெரியும்? இரண்டு கல்யாணம் பண்ணியவன், எதையுமே சோதித்துப் பார்த்ததில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

பிரெஞ்சுக்காரி. காலையிலேயே கிளம்பினோம், தொழுகைக்குள் திரும்பிவிடலாம் என்று.

நம் ஊரில் ஒவ்வொருவரும் தன் வீட்டு வாசலில் தனக்குத் தோன்றிய உயரத்தில் ஒரு வேகத்தடை கட்டிவைத்திருக்கிறான். பிரெஞ்சுக்காரி அவற்றை மதிப்பதே இல்லை. ஒரு சின்னக் கொட்டாவி, தாண்டிவிட்டாள். அக்கா தூங்கிக்கொண்டே வந்தாள்.

மலை ஏறும்போதுதான் வயது தெரிகிறது. மூன்றாம் கியரில் மூச்சு வாங்குகிறாள், இரண்டுக்கு இறக்கினால் குரலை உயர்த்துகிறாள். ஒரு சிமென்ட் லாரி எங்களை முந்தியது. வளைவுகளில் பெரிய குடும்பத்துப் பெண் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, பிறகு திரும்புகிறாள். ஸ்டீயரிங் வெண்ணெய். இறக்கத்தில் பிரேக் சூடாகி மிதி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனது. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எது?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்டோபர் 17, வெள்ளி

ஜெர்மன்காரி கிளம்பவில்லை. இன்று மதிப்பெண் கிடையாது.

அக்டோபர் 18, சனி

இன்று கிளம்பினாள். அம்மார் ஒரு வயரைத் தொட்டான், திட்டினான், கிளம்பிவிட்டாள். திட்டுக்குக் கட்டுப்படும் ரகம்.

மேட்டில் பறக்கிறாள்! போன வாரம் எங்களை முந்திய அந்த லாரியை (அதேதான், பின்பக்கம் கண்ணேறு கழிக்க ஒரு பழைய செருப்பு தொங்கும்) ஒரே மூச்சில் தாண்டினேன். கை ஆட்டினேன். வளைவில் சாய்வே இல்லை. திருப்பினால் திருப்பிய இடத்தில் போய் நிற்கிறாள். ரொம்ப வேகமாகப் போனால் மட்டும் மூக்கை நேராக நீட்டிக்கொண்டு பள்ளத்தை எட்டிப் பார்க்கிறாள். காலைக் கொஞ்சம் எடுத்தால் திரும்பிவிடுகிறாள். பிரேக், கல்லில் அடித்த ஆணி.

ஆனால் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பில் எழுதிக் காட்டுகிறாள். ஸ்டீயரிங் கிணற்றில் நீர் இறைப்பது போலக் கனம். ஹீட்டர் 'திற' என்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டது, கால் வறுபட்டது. ஸகியா அக்கா முதல் வேகத்தடையில் அல்லாஹ்வைக் கூப்பிட்டாள், இரண்டாவதில் என்னைத் திட்டினாள், ஐந்தாவதில் இறங்கிக்கொண்டாள்.

"நான் பேருந்துல வரேன். நீ இந்தச் சனியனோடவே குடும்பம் நடத்து. வஹீபாகிட்ட நானே சொல்லிடறேன்."

அக்டோபர் 20, திங்கள்

மதிப்பெண்கள் கூட்டிப் பார்த்தேன். சமம். திரும்பக் கூட்டினேன். மறுபடியும் சமம். மேட்டில் ஜெர்மன்காரி எடுத்ததையெல்லாம் வேகத்தடையில் பிரெஞ்சுக்காரி பிடுங்கிவிடுகிறாள்.

பட்டறையில் வேலை ஓடவில்லை. (பல் செட் கட்டுவது என் தொழில். இந்த ஊரில் பாதிப் பேர் என் பற்களால்தான் என்னைப் பற்றிப் புறம் பேசுகிறார்கள்.) இன்று மூன்று செட் மாட்டிவிட்டேன். ஒவ்வொருவரும் கண்ணாடியில் சிரித்துப் பார்த்ததும் வழக்கம்போல "நலமா அனுபவிங்க" என்றேன். முடிவெட்டியவனுக்கும் புதுச் சட்டை போட்டவனுக்கும் ஊரே சொல்கிற வார்த்தைதான். நான் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிறேன், நாக்குக்கே தெரியாமல் வந்துவிடும்.

அக்டோபர் 25, சனி

வஹீபா தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றாள். மழை. நாளை பார்க்கலாமே என்றேன். "மழையிலதான் தெரியும்," என்றாள்.

கீழே ஆற்றோரத்திலிருந்து மன்சூரா மேட்டுக்கு. முதலில் பிரெஞ்சுக்காரி. பக்கத்தில் உட்கார்ந்து, கியர் எப்படி, கிளட்ச் எங்கே பிடிக்கும், அப்பா என்ன செய்வார் என்று பாடம் நடத்திக்கொண்டே போனேன். இரண்டாம் வளைவில் பின்பக்கம் வழுக்கி வெளியே ஓடியது. பொய் சொல்லக்கூடாது, அம்மா என்று கத்திவிட்டேன். வஹீபா காலை லேசாக எடுத்தாள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொடுத்தாள், வண்டி நேரானது. எதுவும் நடக்காத மாதிரி கியர் மாற்றினாள்.

"கத்தி முடிச்சாச்சா?" என்றாள்.

பிறகு ஜெர்மன்காரி. அதே வளைவு, அதே மழை. இம்முறை நான் வாயே திறக்கவில்லை. செம்மறி வாசம்தான் பேசியது. மேலே போய் நிறுத்தினாள்.

"எது பிடிச்சுது?"

"நான் எதுன்னு சொன்னா நீங்க முடிவு பண்ணினதா ஆகாது," என்றாள். ஆனால் வைப்பர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அவளே பேசினாள். "அவ எல்லாத்தையும் மறைக்கிறா. மெத்தையில போற மாதிரி இருந்துச்சு. வழுக்கப்போறோம்னு வழுக்கின அப்புறம்தான் தெரிஞ்சுது. இவ அப்படி இல்ல. கல்லுன்னா கல்லு, ஈரம்னா ஈரம், உடனே கைக்குச் சொல்லிடறா."

பிறகு கமாலைப் பற்றிச் சொன்னாள். இறந்துபோன புருஷன். வயிற்று வலியை ஒரு வருஷம் மறைத்திருக்கிறார். கேட்டால் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்றே சொல்லியிருக்கிறார். மருந்துக்கடைக்காரியின் புருஷன்!

"அந்த 'ஒண்ணுமில்ல'யை நான் நம்பினேன், மெசவூத். அந்தக் கோபம்தான் இன்னும் போகல."

"பிரெஞ்சுக்காரிக்குப் பின் டயர் கொஞ்சம் தேஞ்சிருக்கு, அதான்," என்றேன்.

மடையன். வடிகட்டின மடையன்.

அக்டோபர் 30, வியாழன்

எல்லாம் நாசமாகப் போச்சு.

கடைக்குப் போனேன். கையில் மதிப்பெண் தாள். இன்னும் இரண்டு வாரம் கொடுங்க, சமமாக இருக்கிறது, நெடுஞ்சாலையில் ஒரு சோதனை பாக்கி என்று சொன்னேன். வஹீபா தாளை வாங்கிப் படித்தாள். ஒவ்வொரு வரியாக. ஸ்டீயரிங், பிரேக், சீட், வாசம்.

"எனக்கு எத்தனை மார்க்?"

நான் சிரித்தேன். எதுக்குடா சிரிச்சே? அவ சிரிக்கலையே, பார்க்கலையா நீ?

"ஒரு தகர டப்பாவ விடறதுக்கு ஒரு மாசமா யோசிக்கிறவர், நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா எத்தனை மாசம் யோசிப்பீங்க? போங்க. முடிவு பண்ணிட்டு வாங்க. இல்லன்னா வராதீங்க."

ஷட்டரை இழுத்துவிட்டாள். மாலை நான்கு மணிக்கு! வெளியே இருமல் மருந்துக்கு வந்த ஒரு ஆள் என்னை முறைத்துக்கொண்டே இருமினான். போன வாரம் நான் கொடுத்த ஜூஸிய்யா மிட்டாய்ப் பெட்டியை இரவு அக்கா வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். பிரிக்கக்கூட இல்லை. அக்கா பிரித்துவிட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

ஒரு யோசனை. நாளை எல் க்ரூப் வண்டிச் சந்தைக்குப் பிரெஞ்சுக்காரியைக் கொண்டுபோகிறேன். நாற்பத்து நாலு வயசுக் கிழவியை எவன் வாங்குவான்? மத்தியானம் திரும்பி வந்து, 'விக்கத்தான் போனேன், ஒருத்தனும் கேக்கல' என்று வஹீபாவிடம் சொல்லலாம். முயற்சி செய்ததாகவும் ஆச்சு, வண்டியும் வீட்டில். இதைவிடப் புத்திசாலித்தனமாக நான் இதுவரை எதுவும் யோசித்ததில்லை.

நவம்பர் 7, வெள்ளி

விற்றுவிட்டேன்.

நடந்ததை எழுதுகிறேன். எழுதினால் எனக்கே புரிகிறதா பார்ப்போம்.

சந்தை வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விற்கிறவன் விலை சொல்ல மாட்டான். வருகிறவன் 'எவ்வளவு குடுத்தாங்க?' என்பான். நாம் முந்தினவன் கேட்டதைச் சொல்ல வேண்டும். வந்தவன் தன் எண்ணைச் சொல்வான். பிடிக்காவிட்டால் 'அல்லாஹ் வழி திறப்பான்' என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். நான் காலை முழுக்க அதைச் சொல்லவே தயாராக நின்றேன். யாரும் வரவில்லை. பக்கத்தில் அம்மார் பானெட்டின் மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை உரித்துக்கொண்டிருந்தான்.

அப்போது பத்னா ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். கம்பளி அங்கி. பெயர் பெல்கசெம். வண்டியைச் சுற்றிவரவே இல்லை. நேராகப் போய்ப் பின்கதவுப் பிடியைத் தொட்டு, "இவளா!" என்றார். அவரும் இதே மாதிரி ஒன்றை வைத்திருந்தாராம்.

"ஓட்டிப் பார்க்கலாமா, தம்பி?"

ஓட்டினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு விரலால் கியர் மாற்றினார். சந்தைக்கு வெளியே இருக்கும் அந்தப் பாழாய்ப்போன பள்ளங்களில் அவளை ஒரு துளி தளும்பாமல் கொண்டுபோனார். அப்பா ஓட்டுவது போல. அப்பா இறந்த பிறகு அவளை அப்படி யாரும் ஓட்டியதில்லை, நானும்தான்.

திரும்பி வந்து நிறுத்தினார். ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"எவ்வளவு குடுத்தாங்க?"

"இன்னும் யாரும் வாயே திறக்கல, பெரியவரே."

அவர் ஓர் எண்ணைச் சொன்னார். நல்ல எண்தான். நான் 'அல்லாஹ் வழி திறப்பான்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, அதில் பார்த்துச் சிரித்தார். மேல் செட் பட்டென்று கீழே விழுந்தது! படுபாவி எவனோ கட்டியது, ஈறு அளவே எடுக்காமல். அவர் நாக்கால் அதை மேலே தள்ளி, மறுபடி கண்ணாடியில் சிரித்தார். பல், கண்ணாடி, சிரிப்பு — என் நாக்கு பட்டறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டது.

"நலமா அனுபவிங்க!" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. விலை சொன்ன மனுஷனிடம், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம்! சந்தையில் அதற்கு 'வண்டி உனக்கே' என்று அர்த்தம்.

"சொல்லிட்டான்! சொல்லிட்டான்!" என்று பின்னால் ஒருவன் கத்தினான். "அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்!" என்றான் இன்னொருவன். அத்தனை பேரும் பேரம் முடிந்ததென்று கையேந்தி ஃபாத்திஹா பிரார்த்தனை ஓத ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாரும் ஏந்தினான். தோள் குலுங்கிக் குலுங்கி ஓதினான், நாய்.

அந்தச் சந்தையில் சொன்ன வார்த்தையை விழுங்கினவன் அப்புறம் ஒரு கோழிகூட விற்க முடியாது. நானும் கையேந்தினேன்.

நவம்பர் 8, சனி

வாசலில் அவள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. அதைப் பார்த்து அழுதேன். எழுதிவிட்டேன், எழுதினது எழுதினதுதான்.

அக்கா வந்தாள். விஷயத்தைக் கேட்டுக் கட்டிலில் விழுந்து சிரித்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து விரலை நீட்டினாள்.

"கேளுடா. வஹீபாகிட்ட போய், 'உனக்காக முடிவு பண்ணேன், அப்பா வண்டியவே வித்துட்டேன்'னு சொல்லு. அவ்வளவுதான். பல்லு, கண்ணாடி, நாக்கு எதுவும் அவளுக்கு வேண்டாம். வாயக் கட்டு."

சரிதான். வேறு வழியில்லை. பொய்ப் பல் கட்டுகிறவனுக்கு ஒரு பொய் பெரிய விஷயமா?

நவம்பர் 9, ஞாயிறு

சொன்னேன். அக்கா சொன்னபடியே. "பிரெஞ்சுக்காரியை வித்துட்டேன், வஹீபா. உங்களுக்காக."

அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். "அப்பா வண்டியையா?" என்றாள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்தாள். என் கையைப் பிடித்தாள், முதல் முறையாக. "நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன் அன்னைக்கு. உங்களுக்கு வலிக்கலையா?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.

அந்த வார்த்தை வெளியே வந்ததும் எனக்கே திக்கென்றது. அவள் இன்னும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படியே விட்டிருக்கலாம். தேதி வைத்திருப்பாள்.

"பொய்," என்றேன். "வலிக்குது. நான் முடிவும் பண்ணல. விக்காம திரும்பி வரத்தான் போனேன். வாய் தவறி வித்துட்டேன்." எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தை, பெல்கசெம், மேல் செட், ஃபாத்திஹா, அவளை ஏமாற்றப் போட்ட திட்டம், அக்கா சொல்லிக்கொடுத்தது, எல்லாம்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஒரு கிழவிக்குக் கண் சொட்டு மருந்து எடுக்கப் போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

ஒரு தகவலும் இல்லை. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அதில்கூட நிம்மதி கிடைக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

பெல்கசெம் பட்டறைக்கு வந்தார். சந்தையிலேயே சொல்லியிருந்தேன், அந்த செட்டோடு உங்களை விட என் மனசு கேட்காது, வாங்க, புதுசு கட்டித் தருகிறேன் என்று. ஜன்னலுக்கு வெளியே பிரெஞ்சுக்காரி நின்றாள். கழுவித் துடைத்து, புதுப் பின் டயர் போட்டு. துரோகி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் வாயில் மெழுகை வைத்து அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. வஹீபா. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"இவர்தான் அந்த ஆளா?"

தலையாட்டினேன். பெல்கசெமும் மெழுகோடு தலையாட்டினார்.

"மெசவூத், நீ என்னை ஏமாத்தப் பார்த்தே."

"ஆமா."

"கோழை மாதிரி சந்தைக்குப் போனே."

"ஆமா."

"நான் கையைப் பிடிச்சிருந்தேன். நான் நம்பிட்டேன். நீ சும்மா இருந்திருந்தா எனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது. அப்புறம் எதுக்குச் சொன்னே?"

"'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னதும்... முடியல, வஹீபா."

அவள் ஜன்னல் வழியாகப் பிரெஞ்சுக்காரியைப் பார்த்தாள்.

"எனக்குப் பத்து நாளா தூக்கமில்ல. உன்மேல அவ்வளவு கோபம். ஆனா நீ கல்லுன்னா கல்லுன்னு சொல்லிட்டே. டிசம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை வச்சுக்கலாம். இந்தத் தடவை தேதி நான் முடிவு பண்றேன். உன்னால ஆகாது."

பெல்கசெம் மெழுகைக் கடித்தபடியே ஏதோ வாழ்த்தினார். ஒரு வார்த்தை புரியவில்லை. அளவும் கெட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

கல்யாணம் ஆகிவிட்டது! ஊர்வலம் மன்சூரா மேட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு ஏறியது, வழக்கம்போல ஊரையே மறித்துக்கொண்டு. அக்கா என்னிடம் சொல்லாமல் பெல்கசெமை அழைத்திருக்கிறாள். அவர் ரிப்பன் கட்டிய பிரெஞ்சுக்காரியோடு, புதுப் பற்களோடு வந்தார். நான் அதில் பின்சீட்டில், அக்காவுக்குப் பக்கத்தில், பாரமாக.

முன்னால் ஜெர்மன்காரி. ஓட்டியது மணப்பெண். அத்தைமார்கள் ஆளுக்கொரு பக்கம் வாயில் கை வைத்தார்கள். "எந்த ஊர்ல மணப்பெண்ணே ஓட்டிக்கிட்டு வருவா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "வெள்ளை உடுப்பை ஒரு பக்கமாச் சொருகிட்டா நல்லாவே ஓட்டலாம்," என்றாளாம்.

இத்தனை நாள் ஜெர்மன்காரியை உள்ளே இருந்துதான் பார்த்திருக்கிறேன். இன்று பின்னாலிருந்து பார்த்தேன். அந்த வளைவில் ரோஜா நிற வண்டி ஒட்டிக்கொண்டு திரும்பியது. நாங்கள் சாய்ந்து, யோசித்து, பிறகு திரும்பினோம். மேட்டின் உச்சியில் அவளைக் காணவே காணோம்.

"யார் ஜெயிச்சா?" என்றாள் அக்கா.

சொல்லமாட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

காலையில் வஹீபா ஜெர்மன்காரியை எடுத்துக்கொண்டு மருந்துச் சரக்கு வாங்கப் போனாள். நான் பேருந்தில் பட்டறைக்குப் போனேன், பேருந்தில் திரும்பினேன். கூட்டம். ஒரு மூட்டை வெங்காயத்தின் மேல் உட்கார்ந்து வந்தேன். ஸ்பிரிங் மோசம், பிரேக் பரவாயில்லை.

முற்றத்தில் வண்டி இடம் காலியாக இருந்தது. வெயில் அங்கேதான் விழுகிறது. ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தாள், ஊற்றிவிட்டேன். காப்பி குடித்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே ஹார்ன். இரண்டு தடவை. அவள்தான்.

நாற்காலியை மரத்தடிக்கு நகர்த்திவிட்டு, கேட்டைத் திறக்கப் போகிறேன்.